பெட்டி மூடியிருக்கிறதா என்று பார்த்தவள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் வணக்கம்.

முப்பத்துநாலு வயதில் ஓய்வுபெற்றவள் போல உபதேசம் செய்யக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கணவருக்கு ரயில்வேயில் வேறு கோட்டத்துக்கு மாறுதல் வந்துவிட்டது. ஒன்பது வருடம் வேலை பார்த்த இந்தக் கல்லூரியையும் இந்தக் குழுவையும் மாதக் கடைசியில் விட்டுப் போகிறேன். போகிறவர்கள் எதையாவது எழுதி வைத்துவிட்டுப் போவது இங்கே வழக்கம். எனக்கு முன்னால் போனவர் எந்தக் கணினி எந்த வெயிலில் நின்றுபோகும் என்று பட்டியல் போட்டார். அது இன்றும் பயன்படுகிறது. அவருக்கு முன்னால் போனவர் எந்த நாற்காலிக்குக் கால் ஆடும் என்று எழுதினார். அதுவும் பயன்படுகிறது. என்னிடம் அப்படி உருப்படியாக எதுவும் இல்லை. நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது, அதை எழுதுகிறேன்.

நம் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால், சொல்லியிருக்கலாமோ என்று புது ஊரில் உட்கார்ந்து புழுங்கிக்கொண்டிருப்பேன்.

கல்யாணமான புதிதில் என் கணவருக்கு இதை இப்படிச் சொன்னேன். பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே முழு வேகத்தில் கடந்து போகின்றன. மோதவில்லை. ஆனால் இரண்டும் கிளப்பிய காற்று நடுவில் மோதிக்கொள்ளும், இல்லையா? வெளிநாட்டில் ஒரு பெரிய வளையத்துக்குள் தங்கத்தின் அணுக்கருக்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் அப்படி ஓட விடுகிறார்கள். நமக்குத் தேவை மோதுகிற கருக்கள் அல்ல, மயிரிழையில் தப்பிப் போகிறவை. காற்றுக்குப் பதில் அவற்றைச் சுற்றி ஒளி இருக்கும். இந்தக் கருவின் ஒளித்துகளும் அந்தக் கருவின் ஒளித்துகளும் மோதினால், எடையே இல்லாத அந்த இரண்டும் மறைந்து, எடையுள்ள இரண்டு பிறக்கும். ஒன்று எலக்ட்ரான், பொருள். மற்றது பாசிட்ரான், எதிர்ப்பொருள். வெறும் வெளிச்சத்திலிருந்து ஒரு ஜோடி. மற்றவர்களின் மோதல் படங்கள் தேர்த்திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கும். நம்முடையதில் இரண்டே இரண்டு கோடுகள், பேசிக்கொள்ளாத தம்பதி மாதிரி எதிரெதிர்த் திசையில் போகும்.

அவர் சிக்னல் பிரிவில் இருப்பவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மோதாம போயிருச்சுன்னா சந்தோஷப்பட்டுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானம்மா? அதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?" என்றார்.

நாலு வருடத்துக்கு முன்னால், அந்த வளையத்தில் ஆராய்ச்சி செய்யும் பன்னாட்டுக் கூட்டமைப்பிலிருந்து நம் சிறிய குழுவுக்கு ஓர் அளவீட்டை நம்பிக் கொடுத்தார்கள். கொஞ்சம் கனமான ஜோடிகள் எத்தனை பிறக்கின்றன என்று எண்ணிச் சொல்ல வேண்டும். வேறொரு நாட்டில் இன்னொரு குழு அதையே தனியாக எண்ணும். கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நம் பக்கத்தில் அந்த வேலையைத் தோளில் சுமந்தவள் சுகன்யா. உங்களுக்கு அவள் சுகன்யா மேடம், அன்றைக்கு அவள் திருச்செங்கோட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்துபோகும் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் இந்த எண்ணிக்கைதான். அவள் பதிவுக்காலம் முடிய ஐந்து மாதம் இருந்தது. இது கைவிட்டுப் போனால் இன்னொன்றைத் தொடங்க நேரமில்லை. ஐந்து வருட உழைப்பு அப்படியே நின்றுவிடும். அவளுக்கும் குழுத் தலைவரான பேராசிரியருக்கும் எனக்கும் இது நன்றாகத் தெரியும்.

பெட்டி வழக்கத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். விடை இருக்கும் பகுதியை மறைத்து வைத்துவிட்டு, எந்த ஜோடியை ஏற்பது, எதைத் தள்ளுவது என்கிற விதிகளை முதலில் முடிவு செய்ய வேண்டும். விதிகளைப் பூட்டிய பிறகுதான் பெட்டியைத் திறக்கலாம். விடையைப் பார்த்துவிட்டு விதி எழுதினால், நமக்குப் பிடித்த விடை வருகிற மாதிரியே கை போகும். கெட்டவர்களுக்கு மட்டுமல்ல, நல்லவர்களுக்கும் போகும். அதனால் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை மட்டும் தெரியும்.

இப்போது என்னைப் பற்றி. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம் வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வருகிற ஆள் நான். குழந்தை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்ப்பேன். அதில் அவள் எழுந்துவிடுவாள். இந்தக் குணத்துக்கு இந்த வேலையில் நல்ல பெயர் உண்டு. மற்றவர்கள் பிழையையெல்லாம் நான்தான் கண்டுபிடிப்பேன். "அக்கா ஒருக்கா பாத்துட்டாங்கன்னா எமன்கூடப் பாக்க வேண்டியதில்லீங்க" என்று சுகன்யா சொல்வாள். அது பாராட்டு என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி. விதிகளைப் பூட்டும் கூட்டம் வியாழக்கிழமை மாலை. ஒரே ஒரு விதி மட்டும் முடிவாகவில்லை. மோதல் நடந்த புள்ளிக்கு எவ்வளவு அருகில் கோடு தொடங்க வேண்டும் என்பது. ஒரு சென்டிமீட்டர் போதும் என்றாள் சுகன்யா. கருக்கள் ஓடும் குழாயின் சுவரில் பட்டுப் பிறக்கும் போலி ஜோடிகள் அப்போதுதான் உள்ளே வராது என்பது அவள் வாதம். மூன்று சென்டிமீட்டர் வரை விடலாம், இல்லாவிட்டால் நல்ல ஜோடிகளையும் சேர்த்துத் தள்ளிவிடுவோம் என்று நான் ஒரு வாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் நியாயம் இருந்தது.

அப்போது சூரமங்கலத்துக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன் வந்தது. பாப்பாவுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது, அவசரமில்லை, ஆனால் சீக்கிரம் வந்தால் நல்லது என்றார்கள். அவசரமில்லை என்று யாராவது சொன்னால்தான் எனக்கு அவசரம் தொடங்கும். கல்லூரிப் பேருந்து நாலே காலுக்குத்தான். அதற்குள் எல்லாவற்றையும் சரிபார்த்து வைத்துவிட்டால், நாளைக்கு விடுப்பு எடுக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கறுப்புப் பட்டை இருந்த படத்தில் நின்றேன்.

பட்டை இருக்கிறது. ஆனால் அது உண்மையிலேயே மறைக்கிறதா? அந்த இடத்தில் தரவே இல்லாமல் சும்மா கறுப்பாக இருந்தால்? வியாழக்கிழமை எல்லோர் முன்னிலும் பெட்டியைப் பூட்டி, ஒரு மாதம் கழித்துத் திறந்து, உள்ளே ஒன்றுமே இல்லை என்றால்? இதைச் சரிபார்க்க எத்தனையோ வழி இருந்தது. சுகன்யாவைக் கேட்டிருக்கலாம். போலித் தரவை வைத்துப் பார்த்திருக்கலாம். நான் என் பிரதியில் பட்டையை எடுத்துவிட்டுப் படத்தை ஓட விட்டேன். பெட்டி சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க, பெட்டியைத் திறந்தேன்.

இரண்டு நொடி இருக்கும். மடிக்கணினியைப் பட்டென்று மூடினேன். பக்கத்து மேசையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பல்லி என்றேன்.

பார்த்தது கண்ணிலேயே நின்றது. எத்தனை ஜோடி பிறக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டவர்கள் வரைந்த கோட்டுக்கு நம் புள்ளிகள் கீழே இருந்தன, சந்தேகமில்லாமல் கீழே. மூன்று சென்டிமீட்டர் வரை விட்டால் ஜோடிகள் கூடும், புள்ளிகள் மேலே ஏறி அந்தக் கோட்டின் மேல் அழகாக உட்காரும். இனிமேல் இது எனக்குத் தெரியாததாக இருக்க முடியாது.

சங்ககிரி தாண்டும் வரை பேருந்தில் இதையேதான் யோசித்தேன். நேற்றுவரை மூன்று என்பது என் நேர்மையான கருத்து. இன்றைக்கும் அதே கருத்துதான், ஆனால் நேர்மையானதா என்று எனக்கே தெரியாது. சரி, அவள் சொன்ன ஒன்றுக்கே ஒத்துக்கொள்ளலாம் என்றால், அதுவும் பார்த்ததனால்தானே? பேசாமல் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்றால், ஒரு வாரமாகக் கத்தியவள் திடீரென்று ஏன் வாயை மூடிக்கொண்டாள் என்று கேட்பார்கள். சொல்லிவிடலாம். சொன்னால், பெட்டியைத் திறந்த குழு என்று மொத்தமாக விலக்கிவிட்டால்? சுகன்யாவின் ஐந்து வருடம், என் இரண்டு நொடியில் போய்விடும்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் பெரிதாக இல்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கட்டில்மேல் குதித்தாள். நான்தான் காய்ச்சல்காரி மாதிரி உட்கார்ந்திருந்தேன். கணவர் என்னவென்று கேட்டார். எதைப் பார்த்தேன் என்பதை விட்டுவிட்டு, பார்த்தேன் என்பதை மட்டும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. எங்கள் ஸ்டேஷன் பேனலில் சில பொத்தான்களுக்கு சீல் வைத்திருப்போம் என்றார். அவசரத்துக்கு மட்டும் உடைக்கலாம். உடைத்து அழுத்தினால் பக்கத்தில் இருக்கிற எண் ஒன்று கூடும், அதைத் திருப்பி வைக்க முடியாது. ஏன் உடைத்தோம் என்று அதற்கான நோட்டில் எழுத வேண்டும்.

"தெரியாம கை பட்டிருந்தா?" என்றேன்.

"தெரியாம கை பட்டுச்சுன்னு எழுதணும். எழுதுனா ஒரு கேள்விதாம்மா வரும். எழுதாம விட்டா, அந்த ஸ்டேஷன்ல அதுக்கு முன்னாடி எழுதுன எல்லாத்துக்கும் கேள்வி வரும்."

கொஞ்ச நேரம் கழித்து, "உங்க பெட்டியில நம்பர் ஏறாதா?" என்று கேட்டார். ஏறாது, யாருக்கும் தெரியாது என்றேன். "அப்ப நீதான் நம்பர்," என்று சொல்லிவிட்டுக் குழந்தையைக் கட்டிலிலிருந்து இறக்கப் போனார்.

புதன்கிழமை காலை பேராசிரியர் அறைக்குப் போனேன். சுகன்யாவும் அங்கேதான் இருந்தாள். பெட்டியைத் திறந்துவிட்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை தண்ணீர் குடித்தேன்.

பேராசிரியர் அறிவியல்காரர். அவர் வாயிலிருந்து முதலில் வந்தது, "என்ன இருந்துச்சு?" என்பதுதான். உடனே இரண்டு கையையும் தூக்கி, "வேண்டாம், சொல்லாத" என்றார். பிறகு நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். இதுவரை எந்தத் தலைமையும் என் குற்றத்தை இப்படி முதுகைக் காட்டி விசாரித்ததில்லை.

சுகன்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்றும் நினைத்தேன். அவள் துப்பட்டாவை எடுத்துத் தன் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மொதல்ல நீங்களும் அந்தப் பக்கம் திரும்புங்க. உங்க மூஞ்சியில கிராஃபே ஓடுமுங்க."

ஆக மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டு பேசினோம். நான் பீரோவைப் பார்த்துக்கொண்டு, கூட்டமைப்புக்கு நானே எழுதுகிறேன் என்றேன். எழுதினால் நம்மை விலக்கிவிடக்கூடும் என்றார் பேராசிரியர் சுவரிடம். அதற்கு மேல் பேச வேண்டியவள் சுகன்யாதான். போகப்போவது அவளுடையது.

"எழுதுங்க்கா," என்றாள். "நாளைக்கு வைவாவுல யாராச்சும் பெட்டியத் தொறந்தீங்களான்னு கேட்டா, எனக்குப் பொய் வராதுங்க."

அன்று மதியமே எழுதினேன். யார், எப்போது, எந்தப் படம், எத்தனை நொடி. என்ன தெரிந்தது என்பதை எழுதவில்லை. பதில் வர மூன்று நாள் ஆனது. வியாழக்கிழமைக் கூட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். அந்த மூன்று நாளில் சுகன்யா என்னிடம் சாதாரணமாகத்தான் பேசினாள், ஆனால் எப்போதும் என் செருப்பைப் பார்த்தே பேசினாள்.

பதிலில் ஒரு கேள்வி இருந்தது. அந்த ஒரு சென்டிமீட்டர் விதிக்கான காரணத்தை, நான் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? இருந்தது. என்னோடு சண்டை போட்டு அலுத்துப்போய், முந்தின சனிக்கிழமை சுகன்யா தன் வாதத்தை நாலு பக்கம் எழுதிக் குழுவின் பொதுப் பதிவேட்டில் போட்டிருந்தாள். தேதி இருந்தது, நேரம் இருந்தது. என்னுடைய மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு வரிகூட இல்லை. நான் வாயாலேயே ஒரு வாரம் வாதாடியிருந்தேன். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சண்டையை எழுதிப் போடுங்கள். டீக்கடையில் ஜெயித்த வாதம் பிறகு எதற்கும் சாட்சியாக வராது.

முடிவு இதுதான். குழு தொடரலாம். அந்த விதியைச் சுகன்யாவும் பேராசிரியரும் மட்டும் முடிவு செய்ய வேண்டும். பெட்டி திறக்கும்வரை நான் அந்த வேலையைத் தொடக்கூடாது, அதைப் பற்றிப் பேசக்கூடாது. அடுத்த வாரம் கூடி விதியைப் பூட்டினார்கள். ஒரு சென்டிமீட்டர்.

நல்லவேளை என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படி இல்லை. நான் பார்த்ததை வைத்துப் பார்த்தால், அவள் விடை கோட்டுக்குக் கீழேதான் விழும். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம், யாரும் எதிர்பார்க்காத எண்ணோடு, விளக்கம் இல்லாமல், அவகாசமும் இல்லாமல். பூட்டும் முன் மூன்று என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும், மாறியிருக்கும். பெட்டி திறக்கப் பத்தொன்பது நாள் இருந்தது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நாள் எதையும் இன்னொரு தடவை சரிபார்க்காமல், யாரிடமும் கேட்காமல் இருந்ததில்லை.

ஒருநாள் கேண்டீன் வரிசையில் சுகன்யா எனக்குப் பின்னால் நின்றாள். செருப்பைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

"ஏனுங்க்கா, ஒண்ணும் பேச வேண்டாமுங்க. நல்ல சேதின்னா தயிர்சாதம் வாங்குங்க, கெட்ட சேதின்னா எலுமிச்சஞ்சாதம் வாங்குங்க. நான் பாத்துக்கறனுங்க."

விளையாட்டுதான். ஆனால் அவள் சிரிக்கவில்லை. எனக்குச் சொல்லிவிடத்தான் ஆசை. அன்று காலை முழுதும் அவள் ஆய்வேடு சமர்ப்பிப்பதற்கான விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். முன்னால் இருந்தவர் நகர்ந்தார். கடைக்காரர் என்ன வேண்டும் என்றார்.

இரண்டையும் வாங்கினேன். இரண்டையும் சாப்பிட்டேன். சாயங்காலம்வரை வயிறு என்னை மன்னிக்கவில்லை. சுகன்யா எதிரில் உட்கார்ந்து தன் அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

பெட்டி திறக்கிற மாலை துறையின் சின்ன அறையில் கூடினோம். திரையில் வெளிநாட்டுக் குழுக்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள், கடைசி வரிசையில். பொத்தானை அழுத்தியவள் சுகன்யா. பட்டை போனது. புள்ளிகள் கோட்டுக்குக் கீழே இருந்தன, நான் பார்த்த அதே இடத்தில்.

சுகன்யா திரையிலிருந்து திரும்பி, இருபத்தைந்து நாளைக்குப் பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"இதத்தான் இத்தன நாளா வயித்துக்குள்ள வெச்சிருந்தீங்களா?"

"ஆமா."

"அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, நானே மூணுக்கு மாத்தியிருப்பனுங்க்கா. அதுக்கு நாலு காரணமும் கண்டுபுடிச்சிருப்பேன்."

அதற்குள், இதையே தனியாக எண்ணிய அந்த இன்னொரு குழு தங்கள் புள்ளிகளைத் திரையில் போட்டது. எங்களோடு ஒரு சொல்லும் பேசாமல், வேறு விதிகளால், வேறு நிரலால் எண்ணியவை. அவையும் கீழேதான் இருந்தன. நம் புள்ளிகளின் பக்கத்தில், தோளோடு தோள் உரசிக்கொண்டு. தாழ்ந்திருந்தது நம் எண்ணிக்கை அல்ல, கோடுதான் உயரத்தில் இருந்தது. கோட்டைக் கணக்கிட்டவர்கள் விட்டிருந்த ஒரு சின்னத் திருத்தத்தைச் சேர்த்துப் பிறகு அதைக் கீழே இறக்கினார்கள். என் மூன்று சென்டிமீட்டரைச் சோதித்தும் பார்த்தோம். புள்ளிகள் கோட்டில் அழகாக உட்கார்ந்தன. உட்கார வைத்தவை குழாய்ச் சுவரில் பிறந்த போலி ஜோடிகள். அந்த அழகோடு போயிருந்தால் இரண்டு குழுவும் ஒத்துப்போயிருக்காது. எங்கே தப்பு என்று இன்றும் தேடிக்கொண்டிருப்போம், சுகன்யாவின் பதிவுக்காலம் தேடலிலேயே முடிந்திருக்கும். அவள் பதினொரு நாள் மீதம் வைத்து ஆய்வேட்டைக் கொடுத்தாள்.

இந்த அளவீட்டைப் பற்றிய உள்குறிப்பைச் சுகன்யாதான் எழுதினாள். விதிகளைப் பற்றிய பகுதியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: விதிகள் பூட்டப்படும் முன் குழு உறுப்பினர் ஒருவர் மறைக்கப்பட்ட பகுதியைப் பார்க்க நேர்ந்தது, அவர் அதைத் தாமாகத் தெரிவித்து விலகிக்கொண்டார். பரிசீலித்தவர்களில் ஒருவர், விடைகள்தான் ஒத்துப்போய்விட்டனவே, இந்த வரி எதற்கு, எடுத்துவிடலாமே என்று எழுதினார். சுகன்யா என்னிடம் வந்தாள்.

"எடுத்துறட்டுங்களா? உங்களுக்குத்தான் சங்கடம்."

வழக்கமாக இப்படி யாராவது கேட்டால் நான் இரண்டு நாள் அவகாசம் கேட்பேன். அன்று கேட்கவில்லை. இருக்கட்டும் என்றேன்.

"அப்பப் பேரும் போட்டர்றனுங்க."

"பேரெல்லாம் வேண்டாம் தாயே."

நீங்கள் சேர்ந்த முதல் வாரத்தில் அந்தக் குறிப்பைப் படிக்கச் சொல்வார்கள். அந்த வரி வந்ததும் நிமிர்ந்து, யார் மேடம் இது என்று சுகன்யாவைக் கேட்பீர்கள். உங்களுக்கு முன் சேர்ந்தவர்களும் கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டு உங்கள் செருப்பைப் பார்ப்பாள். அவளுக்குப் பொய் வராது, சிரமப்படுத்த வேண்டாம். அது நான்தான்.